145 தங்கம் வாங்கியும் சோறு இறங்காத ஊர்

கேள்வி: "சீ விளையாட்டுப் போட்டியின் (தென்கிழக்காசிய நாடுகள் மோதும் SEA Games) ஆண்கள் காற்பந்தில் ஆடுவது 22, 23 வயதுப் பையன்கள்தானே? அதற்குப் போய் மலேசியாவில் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?"

நான் மலேசியாவின் கிள்ளான் ஊர்க்காரன். இந்தக் கேள்வியை என் மனைவி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்னிடம் கேட்பாள், இதைவிடக் கொஞ்சம் கடுமையான வார்த்தைகளில். அவளிடம் மழுப்பிவிடுவேன். இங்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

2017 ஆகஸ்டில் சீ போட்டி கோலாலம்பூரில் நடந்தது. மலேசியா 145 தங்கம் வாங்கி ஒட்டுமொத்தத்தில் முதலிடம். அந்தச் சந்தோஷத்தில் அரசாங்கம் செப்டம்பர் 4, திங்கட்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்தது. சுதந்திர தினம், ஹஜ்ஜுப் பெருநாள், சனி ஞாயிறு எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்ததால் ஐந்து நாள் லீவு. அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் பக்கத்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்திருந்தேன். நீச்சலில் யார் வாங்கினார்கள், ஓட்டத்தில் யார் வாங்கினார்கள் என்று ஒருவர்கூடப் பேசவில்லை. எல்லா மேசையிலும் பேச்சு, வாங்காமல் விட்ட அந்த ஒரு தங்கத்தைப் பற்றித்தான்.

அது எப்படிப் போனது என்பதை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன் அரையிறுதியைச் சொல்லாவிட்டால் கதை சரியாக வராது.

அரையிறுதியில் இந்தோனேசியா. இடம் ஷா ஆலம் அரங்கம் (இப்போது அதை இடித்துவிட்டார்கள், நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது). சாலையோரம் எங்கேயோ காரைப் போட்டுவிட்டு, நானும் என் நண்பனும் அரை மணி நேரம் நடந்து உள்ளே போனோம். ஆட்டம் சுமார்தான். இரண்டு பக்கமும் பயந்து பயந்து ஆடினார்கள். 87ஆவது நிமிடம், எங்களுக்குக் கார்னர், அதாவது திடலின் மூலையிலிருந்து பந்தை உள்ளே உதைக்கும் வாய்ப்பு. பந்து உள்ளே வருகிறது, கூட்டத்துக்கு நடுவில் ஒரு தலை மட்டும் மேலே எழும்புகிறது, பந்து வலைக்குள். அந்தத் தலை என். தனபாலனுடையது. பக்கத்தில் முன்பின் தெரியாத மலாய்க்கார அண்ணன் ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்து, "தானா! தானா!" என்று காதுக்குள் கத்தினார். நானும் கத்தினேன். அன்று எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம் ஒரு தமிழ்ப் பையன் பெயரைச் சொல்லிக் குலுங்கியது. இதற்கு மேல் ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் வேண்டுமா என்று இங்கேயே பதிலை முடித்துவிடலாம்தான். ஆனால் இறுதியாட்டம் பாக்கி இருக்கிறதே.

ஆகஸ்டு 29, அதே அரங்கம், எதிரே தாய்லாந்து. முதல் பாதி முடியப் போகிற நேரம், தாய்லாந்துக்குக் கார்னர். பந்து வளைந்து கோலுக்கு நெருக்கமாக வந்தது. எங்கள் கோல் காவலர் எழும்பி முஷ்டியால் குத்தினார். வெளியே போக வேண்டிய பந்து அவர் கையில் பட்டுப் பின்பக்கமாக எங்கள் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. தாய்லாந்துக்காரர்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அந்தப் பையனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இணையத்தில் அவரை எல்லோரும் போதுமான அளவு திட்டியாகிவிட்டது, அதனால் பெயர் இங்கே வேண்டாம். ஆட்டம் 0-1 என்றே முடிந்தது. வீட்டுக்கு வந்தால் மேசையில் மீன் குழம்பு. சோறு இறங்கவில்லை.

அப்பா மட்டும் அமைதியாக இருந்தார். "2009ல அவன் குடுத்தான், நாம வாங்கிக்கிட்டோம். இன்னைக்கி நாம குடுத்துட்டோம், அவ்வளவுதான்" என்றார். 2009இல் கொடுத்தது வியட்நாம், இப்போது வாங்கியது தாய்லாந்து. கணக்கு ஒத்துவரவில்லை என்று சொல்ல எனக்கு அப்போது தெம்பு இல்லை.

அவர் சொன்ன 2009 கதை இதுதான். மலேசியா அதற்கு முன் கடைசியாகக் காற்பந்துத் தங்கம் வாங்கியது 1989இல், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சிங்கப்பூரை 3-1 என்று வீழ்த்தி. அதன்பிறகு இருபது வருடம் ஒன்றுமில்லை. 1993 முதல் 2007 வரை தொடர்ந்து எட்டு முறை தாய்லாந்தே தங்கத்தை எடுத்துக்கொண்டு போனது. போட்டிக்குப் போவது, அவர்களிடம் அடி வாங்குவது, திரும்பி வருவது என்று எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. 2009இல் லாவோஸின் வியந்தியானுக்குப் போன அணிக்குப் பயிற்றுநர் கே. ராஜகோபால். அவரும் ஒரு காலத்தில் தேசிய அணிக்கு ஆடியவர். அந்த அணி முதல் சுற்றிலேயே தாய்லாந்தை 2-1 என்று வென்று வீட்டுக்கு அனுப்பியது. அந்தச் செய்தியை நம்பாமல் நான் இரண்டு முறை டிவி அலைவரிசையை மாற்றிப் பார்த்தேன்.

இறுதியாட்டத்தில் வியட்நாம். முதல் சுற்றில் எங்களை 3-1 என்று அடித்திருந்தவர்கள். எல்லை தாண்டி வந்த வியட்நாம் ரசிகர்களால் அரங்கம் சிவப்பாக இருந்தது. ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது பந்து வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர்மேல் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போனது. 1-0. இருபது வருடத்துத் தாகம் சொந்த கோலில் தீர்ந்தது. அசிங்கமான கோல் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் அடி விழும்.

அந்த அணியில் கே. குருசாமி, எஸ். குணாளன் இருவரும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆசியான் கிண்ணத்தையும் ராஜகோபால் தலைமையில் மலேசியா வென்றபோது அதிலும் அவர்கள் ஆடினார்கள். 2011 சீ போட்டியில் ஓங் கிம் சுவீ பயிற்றுநர். இறுதியாட்டம் ஜகார்த்தாவில், இந்தோனேசியாவின் சொந்த மண்ணில், அவர்களோடு 1-1 என்று சமநிலையாகி பினால்டியில் 4-3 என்று தங்கம். அதை நினைத்தால் முழுசாகச் சந்தோஷப்பட முடிவதில்லை. அன்று அரங்கத்து வாசல் நெரிசலில் இந்தோனேசிய ரசிகர்கள் இருவர் இறந்துபோனார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பையன்கள் ஆட்டம்தான், மறுக்கவில்லை. 2001 முதலே வயது வரம்பு உண்டு. போட்டிக்குப் போட்டி அது 22, 23 என்று மாறும், சில முறை வயது மூத்தவர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். உலகக் காற்பந்துச் சங்கமான பிஃபாவின் நாள்காட்டியில் இந்தப் போட்டிக்கு இடமில்லை. அதனால் ஆட்டக்காரரை விட்டே ஆக வேண்டும் என்று கிளப்புகளுக்குக் கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு முறையும் யாரை விடுவது, யாரை விட மாட்டோம் என்று ஓர் இழுபறி. இருபது பேரை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் ஐந்தாறு ஆட்டம் ஆட வேண்டும். தரம் என்று பார்த்தால், கடைசி இருபது நிமிடம் பாதிப் பேர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் வேறு எங்கே போய் நாங்கள் ஜெயிப்பது? உலகக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கு மலேசியா ஒருமுறைகூடப் போனதில்லை. ஆசியக் கிண்ணத்துக்குப் போன ஒவ்வொரு முறையும் முதல் சுற்றோடு மூட்டை கட்டியாயிற்று. கை நீட்டினால் எட்டுகிற கிளை சீ போட்டிதான். அதோடு, எதிரே நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர். ஜப்பானிடம் தோற்றால் தூக்கம் வரும். சிங்கப்பூரிடமோ இந்தோனேசியாவிடமோ தோற்றால், மறுநாள் தொழிற்சாலையில் பக்கத்து எந்திரத்தில் நிற்கிற இந்தோனேசிய நண்பரின் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாருக்கும் இதே நோய்தான். 2023இல் புனோம்பென்னில் இந்தோனேசியா தங்கத்துக்காக 32 வருடம் காத்திருந்து தாய்லாந்துடன் மோதியது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் முன்கூட்டியே கொண்டாட, தாய்லாந்து கடைசி நொடியில் கோல் போட்டுச் சமன் செய்ய, திடலோரம் கைகலப்பு, வரிசையாகச் சிவப்பு அட்டை. கடைசியில் கூடுதல் நேரத்தில் 5-2 என்று இந்தோனேசியா ஜெயித்தது. பையன்கள் ஆட்டத்துக்குத்தான் இவ்வளவும்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அப்பா காலத்தில் தேசிய அணி என்றால் கோல் வாசலில் ஆர். ஆறுமுகம் நிற்பார். நீண்ட கைகள், பட்டப்பெயர் ஸ்பைடர்மேன். 1988இல் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அப்பா இன்னமும் எந்தக் கோல் காவலரைப் பார்த்தாலும், "ஆறுமுகம் கைய நீட்டுனா போதும்" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது, சாயங்காலம் பால் வெட்டி முடித்த ஆட்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிய பிறகு அந்தத் திடல்களும் போயின. இப்போது அணிப் பட்டியல் வந்தால் நம் பெயர் ஒன்றாவது இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் தனபாலன் தலை எழும்பிய அந்த 87ஆவது நிமிடத்தை நாங்கள் இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2019 மணிலாவைப் பற்றிக் கேட்காதீர்கள். கம்போடியாவிடம் 3-1 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியே. அன்று மாமாக் கடைக்காரர் இரண்டாவது பாதியில் தானே போய் டிவியை வேறு அலைவரிசைக்கு மாற்றினார், யாரும் எதிர்க்கவில்லை.

ஷா ஆலமுக்கு என்னோடு வந்த நண்பன் இன்னும் எல்லா ஆட்டத்துக்கும் வருவான். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் மட்டும் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவான். பந்து வெளியே போன பிறகு நான் வாட்ஸ்அப்பில் சொன்னால்தான் திரும்பி வருவான்.