இலங்கை ஏன் திவாலானது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்வியிலும் மருத்துவத்திலும் தெற்காசியாவுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட நாடு இலங்கை. அந்த நாட்டு மக்கள் 2022-இல் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும் நிலை எப்படி வந்தது? கொரோனாதான் காரணமா?
*(கல்லூரி மாணவி, மதுரை)*

பதில்: கொரோனாவுக்குப் பங்கு உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் தளர்ந்து போயிருந்த சுற்றுலாத் தொழிலை அது அடியோடு முடக்கியது. 2018-இல் 23 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்துபோன நாட்டுக்கு 2021-இல் இரண்டு லட்சம் பேர்கூட வரவில்லை. ஆனால் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் வேறு பல நாடுகளும் அதே அடியை வாங்கின. அவற்றில் பெரும்பாலானவை, வாங்கிய கடனைக் கட்ட இயலாது என்று கைவிரிக்கவில்லை. இலங்கை கைவிரித்ததற்கான காரணம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

இலங்கை அரசு தன் மக்களில் வசதியுள்ளவர்களிடம் போதிய வரி வாங்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 20 விழுக்காடாக இருந்த அரசு வருவாய், படிப்படியாகத் தேய்ந்து உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்றாக ஆனது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், பெரிய இராணுவம், சாலைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்; வரியாக வராத பணம் கடனாக வந்தது. நடுத்தர வருமான நாடாக உயர்ந்துவிட்டதால், ஒரு காலத்தில் கிடைத்த நீண்ட தவணை, குறைந்த வட்டிக் கடன்கள் சுருங்கிவிட்டன. எனவே 2007 முதல் வெளிநாட்டுச் சந்தைகளில் டாலர் கடன் பத்திரங்களை அரசு விற்கத் தொடங்கியது. இந்தப் பத்திரங்களுக்கு வட்டி அதிகம். தவணை முடிகிற நாளில் முதலை மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும். அன்றைக்குக் கையில் டாலர் இல்லாவிட்டால் புதுப் பத்திரம் விற்றுத்தான் பழையதை அடைக்க முடியும். சந்தையின் நம்பிக்கை இருக்கும்வரை மட்டுமே ஓடக்கூடிய ஏற்பாடு அது.

அந்த நம்பிக்கையை அரசே உடைத்தது. 2019 நவம்பரில் குடியரசுத் தலைவரான கோத்தபய ராஜபக்ச, பதவியேற்ற சில வாரங்களில் வாட் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தார். மாதம் 10 லட்சம் ரூபாய் விற்றுமுதல் உள்ள வணிகர் வாட் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த வரம்பு, 2.5 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. சம்பளத்திலேயே வருமான வரி பிடிக்கும் முறையும் கைவிடப்பட்டது. 2019-இல் உற்பத்தியில் 12 விழுக்காட்டை ஒட்டியிருந்த அரசு வருவாய், 2021-இல் 8 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது. 2020-இல், நாடுகளின் கடன் கட்டும் திறனை எடைபோடும் தர நிர்ணய நிறுவனங்கள் இலங்கையின் மதிப்பெண்ணைக் குறைத்தன. புதுப் பத்திரம் விற்கும் வழி அடைபட்டது. அப்போதே சர்வதேச நாணய நிதியத்திடம் செல்லுங்கள், கடனை மறுசீரமையுங்கள் என்று பொருளாதார வல்லுநர்கள் வெளிப்படையாக வலியுறுத்தினார்கள். அரசு கேட்கவில்லை; மத்திய வங்கியை நோட்டு அச்சடிக்க வைத்தது.

இன்னொரு தவறும் சேர்ந்தது. 2021 செப்டம்பரிலிருந்து ஒரு டாலருக்குச் சுமார் 203 ரூபாய் என்று மத்திய வங்கி விலையைப் பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றித் தரும் உண்டியல்காரர்கள் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்து பணம் அனுப்பும் ஒரு பெண், பிள்ளைகளுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் வழியைத்தான் தேர்ந்தெடுப்பார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த டாலர் வங்கிக்கு வராமலே போனது. வெளிநாட்டிலிருப்போர் வங்கி வழியே அனுப்பும் பணம், பெருந்தொற்றுக்கு முன் ஆண்டுக்கு 700 கோடி டாலரை ஒட்டியிருந்தது. 2022-இல் 400 கோடிக்கும் கீழே இறங்கியது.

2022 ஜனவரி 18 அன்று நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் தட்டுப்பாடு தொடங்கிவிட்டிருந்த அந்த நேரத்தில், தவணை முடிந்த 50 கோடி டாலர் பத்திரத்துக்கு முழுத் தொகையையும் அரசு கட்டியது. கட்டக்கூடாது என்று கேட்டவர்களின் குரல் எடுபடவில்லை. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. இடைப்பட்ட நாட்களில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. வரிசையில் நின்றபடியே முதியவர்கள் இறந்தார்கள்.

கேள்வி: இலங்கை சீனாவின் கடன் வலையில் விழுந்தது என்று தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகம் அதற்குச் சான்று இல்லையா?
*(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)*

பதில்: கணக்கு அப்படிச் சொல்லவில்லை. திவாலான சமயத்தில் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு, மேலைநாட்டு நிதி நிறுவனங்கள் பெருமளவு வைத்திருந்த டாலர் பத்திரங்களுடையது. சுமார் 1,250 கோடி டாலர். சீனாவின் பங்கு, அரசு நிறுவனங்களின் கடனையும் சேர்த்தால்கூட, ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டையை 2017-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்து வாங்கிய 112 கோடி டாலர், அந்தத் துறைமுகக் கடனை அடைக்கச் செலவாகவில்லை. அது அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது, கடன் அரசின் கணக்கிலேயே நின்றது.

சீனாவைக் குறை சொல்ல வேறு இடம் உண்டு. டாலர் ஈட்டித் தராத திட்டங்களுக்கு, நிபந்தனைகளை மக்கள் முன் வைக்காமலே, அது கடன் கொடுத்தது. விமானங்கள் அரிதாகவே வந்த மத்தல விமான நிலையம் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்தத் திட்டங்களைக் கேட்டு வாங்கியவர்கள் கொழும்பில் இருந்தவர்கள். சீனாவின் மீதே முழுப் பழியையும் போட்டுவிட்டால், அவர்கள் பதில் சொல்லாமல் தப்பிவிடுவார்கள் என்பதே என் கவலை.

கேள்வி: நான் இயற்கை விவசாயம் செய்கிறேன். இலங்கையைக் காட்டி "இயற்கை விவசாயம் நாட்டையே பட்டினி போடும்" என்கிறார்கள். இது நியாயமா?
*(விவசாயி, ஈரோடு)*

பதில்: நியாயமில்லை. இலங்கையில் நடந்ததை இயற்கை விவசாயம் என்று அழைப்பதே தவறு. நீங்கள் உங்கள் மண்ணை மாற்றிக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்திருப்பீர்கள். அங்கே 2021 மே மாதத்தில் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. மாற்று உரம் கையில் இல்லை, பயிற்சி இல்லை, விவசாயிகளைக் கலந்து பேசவும் இல்லை. டாலரை மிச்சப்படுத்தும் அவசரமும் அதில் இருந்தது. அங்கே நெல்லுக்கு முதன்மைப் பருவமான பெரும்போகத்தில், 2021-22-இல் விளைச்சல், முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அரிசியில் தன்னிறைவை எட்டியிருந்த நாடு, உரத்தில் மிச்சம் பிடித்த டாலரை அரிசி இறக்குமதியில் விட்டது. நவம்பரில் தடையை விலக்கியபோது நடவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

இதற்கிடையே சீனாவிலிருந்து ஒரு கப்பல் நிறையக் கரிம உரம் வந்தது. மாதிரியில் பயிருக்குக் கேடு செய்யும் நுண்ணுயிரி இருப்பதாக இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் கண்டறிந்து, இறக்க அனுமதி மறுத்தார்கள். உரம் இறங்கவே இல்லை. ஆயினும் வழக்குக்கும் அரசியல் நெருக்கடிக்கும் பிறகு 2022 ஜனவரியில் அந்தச் சீன நிறுவனத்துக்கு 67 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. நாட்டில் டாலர் தீர்ந்துகொண்டிருந்த அதே மாதம் அது.

உழவர்களும் வேளாண் பேராசிரியர்களும் தொடக்கத்திலேயே எச்சரித்தார்கள். 2020 அக்டோபரில் நிறைவேறிய 20-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதிகாரம் முழுவதையும் குடியரசுத் தலைவரிடம் குவித்திருந்தது. தவறைத் தவறு என்று சொல்லித் தடுக்கும் இடத்தில் யாரும் இல்லை. வரிக் குறைப்பும் உரத்தடையும் பொருளாதாரத் தவறுகளாகத் தெரியலாம். அவற்றைத் திருத்த முடியாமல் போனதற்குக் காரணம் அரசியல்.

கேள்வி: 2022-இல் தமிழ்நாடு அனுப்பிய உதவி தமிழர்களுக்கு மட்டுமானதா?
*(குடும்பத் தலைவி, நாகப்பட்டினம்)*

பதில்: இல்லை. ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மே 18 அன்று சென்னையிலிருந்து 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்துகள் ஆகியவற்றுடன் முதல் கப்பல் புறப்பட்டது. "இலங்கை மக்களுக்கு" என்றே அது அனுப்பப்பட்டது. எல்லா இன மக்களுக்கும் சென்றது. அது சரியான முடிவு என்று நான் அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன்.

கேள்வி: நாங்கள் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் தாயகம் திரும்பிய குடும்பம். எங்கள் சொந்தங்கள் இன்னும் அட்டன், நுவரெலியா தோட்டங்களில் இருக்கிறார்கள். நாடு மீண்டுவிட்டது என்று செய்தியில் படிக்கிறோம். அவர்களோ எதுவும் மாறவில்லை என்கிறார்கள். எது உண்மை?
*(வாசகர், கூடலூர்)*

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வதை நம்புங்கள். செய்தியில் வருவதும் பொய்யில்லை. 2022 செப்டம்பரில் 70 விழுக்காட்டை எட்டிய பணவீக்கம், இரண்டே ஆண்டுகளில் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2024-இல் பொருளாதாரம் ஏறத்தாழ 5 விழுக்காடு வளர்ந்தது. ஆனால் பணவீக்கம் நின்றது என்றால் விலை ஏறுவது நின்றது என்றுதான் பொருள். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பது பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021-இல் கிடைத்தது. அன்றைக்கு அது சுமார் 5 டாலர். அடுத்த ஆண்டு ஒரு டாலருக்கு 360 ரூபாய் என்று மதிப்பு சரிந்ததும் அதே சம்பளம் 3 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. உரம் கிடைக்காத மலையில் தேயிலைக் கொழுந்தும் குறைந்தது. கேட்ட கிலோ எட்டாத நாளில் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும். ரொட்டி சுடும் கோதுமை மாவின் விலையோ இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. சமதளத்து உழவனுக்கு வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலமாவது இருக்கும். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்பவருக்கு அதுவும் சொந்தமில்லை. சம்பளம் 1,350 ரூபாயாக உயர 2024 செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2026-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், அரசு தரும் 200 ரூபாய் வருகைப்படியையும் சேர்த்து 1,750 ரூபாய் என்று அறிவித்தது.

இதில் எனக்கு மிகவும் கசக்கும் செய்தி ஒன்று உண்டு. 2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வங்கிகள் கையிலிருந்த அரசுப் பத்திரங்களைத் தொடவில்லை. வங்கிகள் சரிந்தால் எல்லோரும் பாதிக்கப்படுவார்கள் என்றார்கள். அந்தச் சுமை, நம் ஊரின் வருங்கால வைப்பு நிதி போன்ற ஊழியர் சேமலாப நிதியின் மீது விழுந்தது. கூடுதல் வட்டி தரும் பத்திரங்களைக் கொடுத்துவிட்டுக் குறைந்த வட்டிப் பத்திரங்களை அந்த நிதி ஏற்றுக்கொள்ள வேண்டும்; மறுத்தால் அதன் வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி. கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஓய்வுக்காலச் சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது. உலக வங்கிக் கணக்கின்படி 2019-இல் 11 விழுக்காடாக இருந்த வறுமை, 2022-க்குள் 25 விழுக்காடாக, இருமடங்குக்கும் மேல் கூடியது.

கேள்வி: மக்கள் எழுச்சியால் ஆட்சி மாறியது. யாழ்ப்பாணத்திலேயே தேசிய மக்கள் சக்தி வென்றது. இனி எல்லாம் சரியாகிவிடுமா?
*(ஆசிரியர், இராமநாதபுரம்)*

பதில்: 2022 ஜூலை 9 அன்று மக்கள் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழைந்தார்கள், கோத்தபய மாலைத்தீவு வழியாகச் சிங்கப்பூர் சென்று பதவி விலகினார். 2019 குடியரசுத் தலைவர் தேர்தலில் சுமார் 3 விழுக்காடு வாக்கு பெற்ற அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டம்பரில் 42 விழுக்காடு பெற்று, இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்ட பின் வென்றார். நவம்பரில் அவரது தேசிய மக்கள் சக்தி கூட்டணி நாடாளுமன்றத்தின் 225 இடங்களில் 159-ஐப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று அதற்குக் கிடைத்தன.

இடையில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. அரசுக்காக நோட்டு அச்சடிப்பதைத் தடுக்கும் மத்திய வங்கிச் சட்டம் 2023-இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், நெருக்கடிக்குக் காரணமான முடிவுகளால் கோத்தபயவும் அவர் சகோதரர்களான மகிந்த, பசில் ராஜபக்சக்களும் உயர் அதிகாரிகள் சிலரும் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருளாதாரத்தைச் சீரழித்ததற்காக ஆட்சியாளர்களை நீதிமன்றம் பொறுப்பாளிகளாக்குவது எந்த நாட்டிலும் அரிது.

செய்யாதவை இன்னும் நிறைய உள்ளன. வட மாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. மாகாண சபைத் தேர்தல்கள் அதன் பின் ஆண்டுகளாக நடத்தப்படவே இல்லை. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டு லட்சம் பேர் கொண்ட தரைப்படையை வைத்திருந்த நாடு அது. 2030-க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023-இல்தான் அறிவித்தது. அதிகாரப் பகிர்வைத் தமிழர் கோரிக்கை என்று ஒதுக்கும் சிங்கள அரசியல்வாதிகள், ஒரே இடத்தில் குவிந்த அதிகாரம் 2021-இல் சிங்கள உழவர்களுக்கு என்ன செய்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணக் கணக்கில் எனக்கிருக்கும் அச்சம் வேறு. 2025 பிப்ரவரியில் வாகன இறக்குமதிக்கான தடை முழுமையாக விலகியது. அந்த ஆண்டு அரசின் வரி வருவாய் எகிறியதற்கு வாகனங்கள் மீதான வரி பெரும் காரணம். டாலரை வெளியே அனுப்பி ரூபாயில் வரி வாங்கும் வழி அது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்த வீடுகளையும் பாலங்களையும் கட்டும் செலவும் இப்போது சேர்ந்திருக்கிறது. மறுசீரமைத்த கடன்களின் பெரிய தவணைகள் 2028 முதல் வரத் தொடங்கும். அதற்குள் நிலம், சொத்து, உயர் வருமானம் உள்ளவர்களிடம் நேரடி வரியை வாங்கும் துணிவு இந்த அரசுக்கு வர வேண்டும். வராவிட்டால் 18 விழுக்காடாகிவிட்ட வாட் வரிதான் மீண்டும் உயரும், அதை அட்டன் லயத்துத் தொழிலாளியும் கொழும்புச் செல்வந்தரும் ஒரே விகிதத்தில் கட்டுவார்கள்.