செலக்ஷன் வேற, அவார்டு வேற: கலை, மீடியா துறை சாதனைகள எப்படி எழுதுறது? கேளுங்க, சொல்றேன்

வணக்கம். ஒரு யூனிவர்சிட்டில கலை, மீடியா துறைகளோட சாதனைச் செய்தி எழுதுறதுதான் பதினாலு வருஷமா என் பொழப்பு. ஓவியம், நாடகம், இசை, விஸ்காம், ஜர்னலிசம்னு யார் என்ன வாங்கினாலும் என் டேபிளுக்கு வந்துதான் நியூஸ்லெட்டருக்குப் போகும். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் எடிட்டிங் க்ளாஸ் எடுத்திருக்கேன், அதனால ரெண்டு பக்கத்து புலம்பலும் தெரியும். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. கேள்விக்கு முன்னாடி இருக்குறது கேட்டவங்க வச்சுக்கிட்ட புனைபேர்.

பாதி ரீல்: அக்கா, எங்க ஷார்ட் பிலிம் ஒரு ஃபெஸ்டிவல்ல செலக்ட் ஆயிருக்கு, செலக்ஷன் மட்டும்தான். ஆனா ஹெச்ஓடி "விருது பெற்ற படம்"னு நோட்டீஸ் போர்டுல போட்டுட்டாரு. கூச்சமா இருக்கு. மாத்தச் சொல்லவா?

மாத்தச் சொல்லு தம்பி, இன்னைக்கே சொல்லு. அனுப்புறது ஒரு படி, செலக்ட் ஆகுறது ஒரு படி, ஃபைனலிஸ்ட் ஒரு படி, நடுவர் சிறப்புக் குறிப்பு ஒரு படி, பரிசு கடைசிப் படி. எந்தப் படில நிக்கிறோமோ அதத்தான் சொல்லணும். அமெரிக்கால இதழியலுக்கும் இலக்கியத்துக்கும் குடுக்குற புலிட்சர் பரிசுக்காரங்க இதுல ரொம்ப கறார். 1980ல இருந்து ஃபைனலிஸ்ட் பேர தனியா அறிவிக்கிறாங்க, சும்மா என்ட்ரி அனுப்பினவங்க "நாமினேட் ஆனேன்"னு போட்டுக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்லி வச்சிருக்காங்க.

அதுக்காக செலக்ஷன்னா சின்ன விஷயம்னு நினைச்சுடாத. பிரான்ஸ்ல நடக்குற கேன்ஸ் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல சினிமா பள்ளி மாணவர்களுக்குன்னே லா சினெஃப்னு ஒரு பிரிவு இருக்கு. 2024ல அதுக்கு 555 பள்ளிகள்ல இருந்து 2,263 படம் வந்துச்சு, எடுத்தது 18. அந்த 18ல ஒண்ணா இருந்தாலே மேளம் அடிக்கலாம், விருதுன்னு பொய் சொல்லவே தேவையில்ல. அந்த வருஷம் அதுல முதல் பரிசு புனே திரைப்படக் கல்லூரி (எஃப்டிஐஐ) மாணவர் சிதானந்தா நாயக்குக்கு, ஒரு வருஷ டிவி கோர்ஸ் முடிவுல எடுத்த 16 நிமிஷப் படத்துக்கு, 15,000 யூரோ. பாரு, எத்தனை படம் வந்துச்சு எத்தனை எடுத்தாங்கன்னு நம்பர் கூட நின்னா "உலகப் புகழ் பெற்ற"ங்கற வார்த்தைக்கு வேலையே இல்ல.

ஹெச்ஓடிகிட்ட போய் "சார் தப்பா போட்டுட்டீங்க"ன்னு நிக்காத. சரியான வரிய நீயே டைப் பண்ணிட்டுப் போய் "சார், இப்படிப் போட்டா ஃபெஸ்டிவல் பேரு, தேதி எல்லாம் சேந்து வரும்"னு கொடு. நூத்துக்குத் தொண்ணூறு பேர் அப்படியே ஒட்டிடுவாங்க.

லைட்மேன் மகள்: கங்கிராட்ஸ்னு மெயில் வந்துச்சு, "பெஸ்ட் ஸ்டூடன்ட் பிலிம்" ஜெயிச்சுட்டோமாம். டிராஃபி வேணும்னா பணம் கட்டணுமாம். இது நிஜமா மேடம்?

கட்டாதீங்க.

மாசாமாசம் "விருது விழா" நடத்துற கூட்டம் ஒண்ணு இருக்கு, அம்பது அறுபது பிரிவு வச்சிருப்பாங்க, அனுப்பின எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு கிடைச்சுடும். நான் பாக்குறது மூணே விஷயம். படத்த எந்தத் தியேட்டர்ல, எந்தத் தேதில, ஜனங்க முன்னாடி ஓட்டினாங்க? நடுவர் யாரு, பேர் போட்டிருக்கா, அந்தப் பேர தேடினா ஆள் நிஜமா இருக்காரா? போன வருஷம் ஜெயிச்ச படத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு? மூணுக்கும் பதில் இல்லேன்னா அது ஃபெஸ்டிவல் இல்ல, லாரல் (போஸ்டர்ல விருதுக்கு அடையாளமா போடுற இலை வளையம்) பிரின்ட் போடுற கடை. என்ட்ரி ஃபீஸ் வாங்குறது தப்பில்ல, நல்ல ஃபெஸ்டிவல்லயும் வாங்குவாங்க, ஜெயிச்சதுக்கு அப்புறம் காசு கேக்குறதுதான் உறுத்தணும்.

இதே குடும்பத்துல இன்னொரு சங்கதி. கேன்ஸ்ல ஷார்ட் பிலிம் கார்னர்னு ஒண்ணு இருக்கு. அது சந்தைப் பக்கம், பணம் கட்டி படத்த பதிவு பண்ணி வைக்கிற இடம், வாங்குறவங்க விக்கிறவங்க சந்திக்கிறதுக்கு. அதுல தப்பே இல்ல, நாலு பேர பாக்க நல்ல சான்ஸ்தான். ஆனா அங்க பதிவு பண்ணிட்டு வந்து "கேன்ஸுக்குத் தேர்வானது"ன்னு எழுதித் தரச் சொல்லி என்கிட்ட வந்தவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. ஒரு தடவ நான் தெரியாம எழுதியும் கொடுத்திருக்கேன், வேலைக்குச் சேந்த புதுசு. விவரம் தெரிஞ்ச வெளி ஆள் ஒருத்தர் போன் பண்ணி சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

பூம் மைக்: பதினோரு பேர் சேந்து பண்ணின டாக்குமென்டரி. பரிசு வந்ததும் போஸ்டர்ல டைரக்டர் போட்டோ மட்டும். சவுண்ட் நான்தான் பண்ணேன் அக்கா, ரெண்டு மாசம் தூங்கல. கேட்டா "டீம்னு போட்டிருக்கே"ங்கறாங்க.

உனக்கு வந்த கோவம் நியாயம். "அண்ட் டீம்"ங்கறது ஒரு பேர் இல்ல.

என் தப்பையே சொல்றேன். ஒரு நாடகத்துக்குப் பரிசு கிடைச்சப்ப நடிச்சவங்க, டைரக்டர், எழுதினவங்க எல்லாம் போட்டுட்டேன், லைட்டிங் பண்ணின பொண்ணு பேர விட்டுட்டேன். வேணும்னு இல்ல, எனக்கு வந்த லிஸ்ட்லயே அந்தப் பேர் இல்ல. அடுத்த நாள் அந்தப் பொண்ணு வந்து சண்டையெல்லாம் போடல, "எங்க அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன் மேடம், அப்புறம்தான் பாத்தேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போச்சு. அன்னைக்கே திருத்தி மறுபடி அனுப்பினேன், ஆனா முதல்ல போன மெயில்தானே எல்லாரும் படிப்பாங்க. அதுல இருந்து நான் லிஸ்ட் கேக்குறதே இல்ல, படத்தோட க்ரெடிட் கார்டு ஸ்க்ரீன்ஷாட், நாடகம்னா பிரோஷர் பக்கம், இதத்தான் கேக்குறேன். அதுல யாரெல்லாம் இருக்காங்களோ அவங்க எல்லாரும் செய்திலயும் இருப்பாங்க, என்ன வேலைன்னும் சேத்து, ஸ்பெல்லிங் அவங்கவங்களே பாத்து ஓகே சொன்னதுக்கு அப்புறம்.

உன் விஷயத்துல டைரக்டர்கிட்டயே பேசு, முக்காவாசி நேரம் அவங்களுக்கே சங்கடமாத்தான் இருக்கும். போஸ்டர்ல இடம் இல்லேன்னு சொன்னா போட்டோவ சின்னதாக்கச் சொல்லு, ஆளக் குறைக்க வேணாம். இன்னொண்ணு, சவுண்ட எப்படிப் பண்ணினேன்னு நாலு வரி எழுதிக் கொடு, "மில் சைரன் சத்தத்த மூணு தூரத்துல இருந்து தனித்தனியா எடுத்தோம்" மாதிரி. எனக்கு அப்படி ஒரு வரி கிடைச்சா அத வச்சே செய்தியத் தொடங்கிடுவேன், ஏன்னா "பரிசு வாங்கினார்"ங்கற வரி எல்லா செய்திலயும் இருக்கும், சைரன் உன்னோடதுல மட்டும்தான் இருக்கும்.

மரக்கதவு (ஃபைன் ஆர்ட்ஸ் ஃபேகல்டி): மேடம், கூட வேலை பாக்குறவங்க ஜர்னல்ல ஆராய்ச்சிப் பேப்பர் போட்டா அது சாதனை, நான் கண்காட்சி வச்சா "பொழுதுபோக்கு". வருஷாந்தர ரிப்போர்ட்ல எனக்கு கட்டமே இல்ல. என்ன பண்றது?

சார், இந்தப் புலம்பல் உலகம் பூரா இருக்கு. ஆனா நிலைமை கொஞ்சம் மாறிட்டுத்தான் வருது. 2012ல சான் பிரான்சிஸ்கோல தொடங்கின டோரா பிரகடனம், ஆராய்ச்சிய எப்படி மதிப்பிடணும்னு சொல்ற ஒண்ணு, ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர (அதுல வர்ற கட்டுரைகள மத்தவங்க சராசரியா எத்தன தடவ மேற்கோள் காட்டுறாங்கங்கற கணக்க) வச்சு ஆளை எடை போடாதீங்கன்னு சொல்லுது. பிரிட்டன்ல பல்கலைக்கழக ஆராய்ச்சிய மதிப்பிடுற ரெஃப்ல கண்காட்சி, நிகழ்ச்சி, படம், இசையமைப்பு எல்லாத்தையும் ஆராய்ச்சி வெளியீடா சமர்ப்பிக்கலாம். 2021 சுற்றுல அந்த மாதிரி படைப்போட, இதுல ஆராய்ச்சி எங்க இருக்குன்னு 300 வார்த்தைக்குள்ள ஒரு குறிப்பும் வைக்க விட்டாங்க. ஆஸ்திரேலியால இதுக்கு வழக்கமில்லாத ஆராய்ச்சி வெளியீடுன்னு தனிப் பேரே வச்சிருக்காங்க. உங்க நிர்வாகத்துகிட்ட கட்டம் கேக்கும்போது இதெல்லாம் கைல இருக்கட்டும்.

ஆனா நீங்களும் ஒண்ணு செய்யணும், கோவிச்சுக்கக் கூடாது. உங்க ஆளுங்க எனக்கு அனுப்புற குறிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? "எனது ஓவியங்கள் கண்காட்சியில் இடம்பெற்றன." முடிஞ்சுது. இத வச்சு நான் என்ன எழுத? தனிக் கண்காட்சியா குழுவா, அழைச்சாங்களா நீங்களே இடம் வாடகைக்கு எடுத்தீங்களா, க்யூரேட்டர், அதாவது படைப்புகளத் தேர்ந்தெடுத்து கண்காட்சிய அமைச்சவர் யாரு, எத்தன நாளு, எத்தன படைப்பு, என்ன மீடியம், கேட்டலாக் இருக்கா, யாராவது விமர்சனம் எழுதினாங்களா, ஏதாவது படைப்ப மியூசியமோ தொகுப்போ வாங்கிச்சா? "மூணு வருஷமா இடிக்கிற வீடுகளோட கதவுல இருந்து எடுத்த 14 பிரின்ட், தனிக் கண்காட்சி, அழைப்பின் பேரில்"னு ஒரு வரி வந்தா பேப்பர் போட்டவரும் நின்னு படிப்பாரு. உங்க பேருக்கேத்த உதாரணம்தான் கொடுத்திருக்கேன்.

திறப்பு விழா அன்னைக்கே படைப்பு மாட்டியிருக்குற சுவத்த போட்டோ எடுத்து வச்சுடுங்க. முடிஞ்சதுக்கு அப்புறம் ஆதாரம் கேட்டா வெறும் சுவருதான் மிஞ்சும்.

எடிட் பே நாலு: டிபார்ட்மென்ட் சந்தோஷத்துல எங்க முழுப் படத்தையும் யூட்யூப்ல பப்ளிக்கா ஏத்திட்டாங்க. இது நல்லதுதானே?

ஐயோ. உடனே பிரைவேட் ஆக்கச் சொல்லுங்க.

நிறைய ஃபெஸ்டிவல்ல பிரிமியர் பாப்பாங்க, அதாவது இதுக்கு முன்னாடி படத்த எங்கயும் காட்டியிருக்கக் கூடாது, இல்ல அந்த நாட்டுலயாவது காட்டியிருக்கக் கூடாது, சிலது ஆன்லைன்ல இருந்தாலே தொடமாட்டாங்க. முதல் செலக்ஷன் வந்த குஷில ஏத்தினா அடுத்த பத்து கதவு சாத்திக்கும். ட்ரெய்லர் போடுங்க, நாலு ஸ்டில் போடுங்க, கேம்பஸுக்குள்ள ஸ்க்ரீனிங் வைக்கிறதா இருந்தாக்கூட எந்தெந்த ஃபெஸ்டிவலுக்கு அனுப்பப் போறீங்களோ அவங்க விதிய முதல்ல படிங்க. பாராட்டணும்னு நினைச்சு படத்தோட ஆயுச முடிச்சு வச்ச கதை எனக்கே அஞ்சாறு தெரியும்.

கேக்கலாமா: ரிசல்ட் மெயில்ல "அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளிய சொல்லாதீங்க"ன்னு இருக்கு. க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரில போடலாமா?

கூடாது. ஸ்க்ரீன்ஷாட்னு ஒண்ணு இருக்கு. அம்மா அப்பாகிட்ட வாயால சொல்லு, எனக்கு மெயில் பண்ணு, நான் செய்திய ரெடி பண்ணி வச்சுட்டு அறிவிப்பு வந்த அடுத்த நிமிஷம் விட்டுடறேன்.

ஸ்டோரிபோர்ட்: என் ஜூனியர் ஸ்டூடன்ட் அகாடமி அவார்டுக்கு அனிமேஷன் அனுப்புறான். கிடைச்சா "ஆஸ்கர் வாங்கினார்"னு போடலாம்ல?

முதல்ல கிடைக்கட்டும்! கிடைச்சாலும் போடக் கூடாது. அது ஆஸ்கர் குடுக்குற அதே அகாடமி மாணவர்களுக்காக 1972ல தொடங்கின தனி விருது. அந்தப் பேரே கெத்துதான். ஹாலிவுட் டைரக்டர் ஸ்பைக் லீ மாணவனா எடுத்த படத்துக்கு 1983ல வாங்கினாரு, பின்னாடி பிக்சார் அனிமேஷன் ஸ்டூடியோல "டாய் ஸ்டோரி" எடுத்த ஜான் லாசெட்டர் 1979, 1980னு ரெண்டு வருஷம் வரிசையா வாங்கினாரு. ஜெயிச்ச படம் ஆஸ்கர் குறும்படப் பிரிவுக்குப் போட்டியிடவும் தகுதி பெறும், அந்த வரிய வேணா தாராளமா சேத்துக்கலாம்.

"முதல்"ங்கற வார்த்தையும் இந்த ரகம்தான். முதல் மாணவி, முதல் துறை, முதல் முறைன்னு வந்தா நான் ஒரு நாள் தேடிப் பாப்பேன், உறுதி ஆகலேன்னா எடுத்துடுவேன். இல்லேன்னா 1990ல படிச்ச யாராவது போன் பண்ணுவாங்க.

டெட்லைன்: லேப் ஜர்னல்ல (ஜர்னலிசம் பசங்க பயிற்சிக்காக நடத்துற பத்திரிகை) எங்க சொந்த கேம்பஸ் ஹாஸ்டல் தண்ணி பிரச்சினைய விசாரிச்சு எழுதினோம், வெளிய ஒரு போட்டில பரிசு கிடைச்சுது. நிர்வாகம் "இத போட வேணாம்"ங்குது.

நான் போடணும்னுதான் நிப்பேன், நின்னும் இருக்கேன், ஒரு தடவ தோத்தும் இருக்கேன். நான் வைக்கிற வாதம் எளிசு. இதழியல் சொல்லிக் குடுக்குறோம்னு சொல்லித்தான் அட்மிஷன் போடுறோம், அத பசங்க ஒழுங்கா கத்துக்கிட்டதுக்கு இதவிட சாட்சி வேற என்ன? அதோட தண்ணிய சரி பண்ணியாச்சுன்னா அந்த வரியையும் அதே செய்திலயே போடலாம், நிர்வாகத்துக்கும் மூஞ்சி இருக்கும். அப்பவும் முடியாதுன்னா நீங்களே உங்க லேப் ஜர்னல்ல போடுங்க, போட்டி நடத்தினவங்க வெளியிடுற அறிவிப்ப பகிருங்க. உள்ள பேட்டி குடுத்த ஹாஸ்டல் பசங்க பேர் மட்டும் எங்கயும் வெளிய வரக் கூடாது, பரிசு போட்டோல கூட அவங்கள நிக்க வைக்காதீங்க.

சலங்கை: போட்டிக்கே போகாதவங்க என்ன பண்றது மேடம்? எனக்கு மேடைல ஆடுறதவிட நோட்டேஷன், அதாவது ஆட்டத்த குறிப்பா எழுதறதுதான் பிடிக்கும். பரிசே கிடையாது.

நீ கடைசியா கேட்டது நல்லதாப் போச்சு பாப்பா. பரிசு இருக்குற வேலையா பாத்துப் பாத்தே என் நியூஸ்லெட்டர்ல சினிமா பசங்க மூஞ்சியாவே இருந்துச்சு, ஏன்னா ஃபெஸ்டிவல் அவங்களுக்குத்தான் ஏராளம். அப்புறம் மாசத்துக்கு ஒரு பக்கம் பரிசு இல்லாத வேலைக்குன்னு ஒதுக்கினேன். மூணு வருஷமா கேம்பஸ் ரேடியோல அதிகாலை ஸ்லாட் பாத்த பையன், நாப்பது வருஷத்து நாடகப் போஸ்டர ஸ்கேன் பண்ணின லைப்ரரி அக்கா, ரிட்டயர் ஆகப் போற மிருதங்க வாத்தியார் கைப்பட எழுதின பாடக்குறிப்பு, இதெல்லாம் அதுலதான் வந்துச்சு. அந்தப் பக்கத்துக்குத்தான் பதில் மெயில் அதிகம் வருது, சத்தியமா.

நீ எழுதின நோட்டேஷன்ல ஒரு பக்கத்த, அடிச்சுத் திருத்தினது உட்பட அப்படியே போட்டோ எடுத்து உங்க நியூஸ்லெட்டர் பாக்குறவங்களுக்கு அனுப்பு. எந்த அடவு, எந்த இடத்துல எழுதத் திணறினேன்னு ரெண்டு வரி மட்டும் கூட வை. ஃபேர் காப்பி வேணாம், அடிச்சுத் திருத்தினதுதான் வேணும்.