கரடியும் மான்குட்டியும் ஒரே வரிசையில்

அன்புள்ள ஐயா,

மார்ஜோரி கின்னன் ராலிங்ஸின் ‘தி இயர்லிங்’ நாவலை வாசித்து முடித்தேன். எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த வாரம் அதைப் பற்றிப் பேச வேண்டும். மான்குட்டி கள்ளமின்மை, ஸ்லூஃபுட் கரடி தீமை, வெள்ளம் விதி என்று குறிப்பெடுத்து வைத்திருந்தேன். சிறுவன் ஜோடி தன் மானைத் தானே சுடும் இடம் வந்ததும் அந்தக் குறிப்புகள் எதுவுமே கைகொடுக்கவில்லை. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இந்தக் குறியீடுகளை எப்படித்தான் புரிந்துகொள்வது?

க., மதுரை

அன்புள்ள க.,

குறிப்புகள் கைவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நாவல் உங்களுக்குள் இறங்கியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபுளோரிடாவின் புதர்க்காட்டில், 1870களில், ஜோடியின் பாக்ஸ்டர் குடும்பம் எப்படிச் சாப்பிடுகிறது என்பதை முதலில் பாருங்கள். கிணறு கிடையாது. தண்ணீருக்கு நிலம் உள்வாங்கிய பெரும்பள்ளத்தில் இறங்க வேண்டும். மக்காச்சோளம் பொய்த்தால் அந்த வருடம் பட்டினி. ஒரு நல்ல பன்றி செத்தால் குளிர்கால இறைச்சி போயிற்று. தொடக்கத்தில் ஸ்லூஃபுட் கொல்வது அப்படியொரு தாய்ப்பன்றியைத்தான். அதனால்தான் வேட்டை. அப்பா பென்னிக்குக் கரடியின் மேல் கோபம் உண்டு. ஆனால் அதை அவர் பிசாசாக நினைப்பதில்லை. தேவைக்கு மேல் எந்த உயிரையும் கொல்லாத மனிதர் அவர்.

இப்போது ஜோடியின் மான்குட்டி ஃபிளாக் என்ன செய்கிறது? முதலில் புகையிலை நாற்றை மிதித்து நாசமாக்குகிறது. பிறகு சோள முளைகளைத் தின்கிறது. ஜோடி மறுபடி விதைக்கிறான், வேலியை உயர்த்துகிறான்; மான் அதையும் தாண்டிவிடுகிறது. ஆக, கரடி செய்ததைத்தான் மானும் செய்கிறது. இரண்டுமே அந்த வீட்டுச் சோற்றில் வாய் வைத்தவை. உங்கள் குறிப்பில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். ராலிங்ஸ் அவற்றை ஒரே வரிசையில் நிறுத்துகிறார். கரடியைச் சுட்டபோது நமக்கு நிம்மதி, மானைச் சுட்டபோது தூக்கமில்லை. நடுவில் மாறியது காட்டின் நியாயம் இல்லை. மானுக்கு நாம் பெயர் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

அந்தப் பெயரை வைத்தது யார் என்பது நினைவிருக்கிறதா? உடல் கோணிய, விலங்குகளோடு வாழ்ந்த ஃபாடர்விங். மானின் வால் ஒரு சின்ன வெள்ளைக்கொடி என்று அவன் சொல்லியிருந்தது, அவன் இறந்த பிறகுதான் ஜோடிக்குத் தெரிகிறது. செத்துப்போன நண்பன் தந்த பெயர் அது. அந்த அத்தியாயத்தை என்னால் இன்றும் வேகமாகக் கடக்க முடிவதில்லை.

மான்குட்டி வீட்டுக்கு வந்த கதையையும் மறந்துவிடாதீர்கள். பென்னியைப் பாம்பு கடிக்கிறது. எதிரே நின்ற பெண்மானைச் சுட்டு, அதன் ஈரலைக் கடிவாயில் வைத்து விஷத்தை உறிஞ்ச விடுகிறார். அப்பாவைக் காப்பாற்றத் தாயைக் கொன்றோம், குட்டியைப் பட்டினியில் விடலாமா என்று ஜோடி கேட்கிறான். ஆக ஃபிளாக் அந்த வீட்டுக்குள் நுழைவது ஒரு கடனாக. அதைக் கள்ளமின்மை என்று சொல்லிவிட்டால் கதையின் பாதி பாரம் காணாமல் போகிறது. அப்பாவின் உயிருக்காகத் தாய்மான் போயிற்று, குடும்பத்தின் உணவுக்காகக் குட்டியும் போகிறது. வாங்கிய கடனை அடைக்க அந்தச் சிறுவனுக்கு வழியே இல்லை.

இருபது வயதில் படித்தபோது, ஜோடியின் அம்மாவை நான் வெறுத்தேன். மானை முதலில் சுட்டுக் காயப்படுத்துவது அவள்தானே. பின்னாளில் படித்தபோதுதான், ஜோடிக்கு முன் அவள் பறிகொடுத்த குழந்தைகள் கண்ணில் பட்டார்கள். எஞ்சிய ஒரே பிள்ளையின் சோற்றைக் காக்கிறாள்.

வெள்ளத்தை விதி என்று சொல்வதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. மழை பயிரை அழித்தது, பின்னாலேயே நோய் வந்து மான்களைக் கொன்றது, இரையில்லாத ஓநாய்கள் வீட்டுப்பக்கம் வந்தன. இந்தச் சங்கிலியே போதும். தண்ணீர் உண்மையில் பேசுவது வேறிடத்தில். ஏப்ரலில், ஓடையில் குறும்பனை ஓலையால் ஒரு சின்ன நீர்ச்சக்கரம் செய்து வைத்து, அது சுழல்வதைப் பார்த்துக் கிறங்கிக் கிடக்கிறான் ஜோடி. ஒரு வருடம் கழித்து அதே ஓடையில் அதே சக்கரத்தைச் செய்கிறான். சுழல்கிறது. அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தண்ணீரும் ஓலையும் அப்படியேதான் இருக்கின்றன. இடையில், குடிக்கத் தண்ணீர் எடுத்த அந்தப் பள்ளத்துக் குளத்தருகே, துடித்துக்கொண்டிருந்த ஃபிளாக்கை அவன் தன் கையால் சுட்டிருக்கிறான். குறியீடு என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் நான் இந்த ஓலைச்சக்கரத்தைச் சொல்வேன்.

குழுவில் பேசும்போது விளக்கத்தோடு தொடங்காதீர்கள். கரடி தாய்ப்பன்றியைக் கொன்ற பக்கத்தை உரக்க வாசியுங்கள், உடனேயே மான் சோளத்தைத் தின்ற பக்கத்தையும் வாசியுங்கள். பிறகு அவர்கள் பேசட்டும். என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்