காட்டில் பெரிய பெரணி எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருமுறை அசடு வழிந்தவனின் பதில்

மழைக்காட்டில் ஆளை விட உயரமான பெரணிகளைப் பார்த்ததாகவும், எல்லாம் ஒரே மாதிரி தெரிவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். செடியின் பெயர் சொல்லும் செயலியில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அது படத்துக்கு ஒரு பெயர் சொல்லியிருக்கும். தூரத்தில் நின்று முழுச்செடியையும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அது மட்டும் என்ன செய்யும், பாவம்.

எட்டு வருடம் முன்னால் ஒரு குழுவோடு காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம். ஓடையோரம் ஒரு பிரமாண்டமான பெரணி. ஒவ்வொரு இலையும் ஐந்து மீட்டருக்குக் குறையாது. என் வாய் சும்மா இருக்குமா? "இதுதான் மரப்பெரணி, சையாத்தியா" என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். பின்னால் வந்த ஒரு அம்மா, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை, மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, மரம் எங்கே?"

குனிந்து பார்த்தேன். தண்டு என்று சொல்ல முழங்கால் உயரத்தில் ஒரு கரடுமுரடான உருண்டைதான் இருந்தது. காம்பு புறப்படும் இடம் வீங்கியிருந்தது, இரண்டு பக்கமும் காது மடல் போலத் தடித்த சதை. அது ஆஞ்சியோப்டெரிஸ். இலை ஏழு மீட்டரையும் தாண்டும். அந்தக் கனத்தை நிமிர்த்திப் பிடிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம்தான், மரக்கட்டை போன்ற திசு இல்லை. இலையைத் திருப்பினால் ஓரத்தை ஒட்டிக் குட்டிப் படகுகள் மாதிரி ஸ்போர் பைகள் (ஸ்போர் என்பது பெரணிக்கு விதையின் வேலையைச் செய்யும் நுண்தூள்).

அன்றிலிருந்து நான் உயரத்தைப் பார்ப்பதே இல்லை. காம்பின் அடியையும் இலையின் முதுகையும்தான் பார்க்கிறேன். உண்மையிலேயே தண்டு உயர்ந்த மரப்பெரணி என்றால் காம்படியைத் தொட்டுப் பாருங்கள். செதில் இருந்தால் சையாத்தியா குடும்பம். செதிலே இல்லாமல் வெறும் ரோமம் என்றால் டிக்சோனியாவாக இருக்கலாம், அதற்கு ஸ்போர் குவியல்கள் இலையின் விளிம்பிலேயே கிண்ணம் போல உட்கார்ந்திருக்கும். சையாத்தியாவுக்கு அவை விளிம்பை விட்டு உள்ளே, வட்டப் புள்ளிகளாக. அலையாத்திச் சேற்றில் நிற்கிறதா, மேல் சிற்றிலைகளின் அடிப்பக்கம் முழுக்கத் துரு பூசியது போல் இருக்கிறதா? அக்ரோஸ்டிக்கம், யோசிக்கவே வேண்டாம். நடுவில் கூம்போ விதையோ தெரிந்தால் அது பெரணியே இல்லை, பார்வைக்குப் பெரணி போலத் தெரியும் விதைத் தாவரமான சைக்கஸ். (இதிலும் நான் ஏமாந்திருக்கிறேன், அந்தக் கதை வேண்டாம்.)

"சையாத்தியாவை அல்சோஃபிலா, ஸ்பேரோப்டெரிஸ் என்று தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்து எத்தனை காலம் ஆகிறது" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். தெரியும் ஐயா. அதற்குச் செதிலின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். முதல்முறை காட்டுக்குள் நிற்பவருக்குக் குடும்பம் பிடிபட்டாலே பெரிய விஷயம். நான் நிபுணன் என்றும் எங்கேயும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அன்று சேற்றில் மண்டியிட்டு நான் எடுத்த படத்தை அந்தக் குழு தன் நாட்காட்டியில் போட்டது. என்னிடம் கேட்கவில்லை, கீழே இருந்ததும் வேறொருவர் பெயர். அதைக்கூட விட்டுவிட்டேன். படத்துக்குத் தலைப்பு "மரப்பெரணி". திருத்தச் சொல்லி எழுதியதற்கு, "நீங்கள்தானே அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள்" என்று பதில் வந்தது.