சோறு வேகிற நேரம்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் மோல்மீன் என்ற ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் என் பாட்டி பாடும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் கேட்டு நோட்டில் எழுதி, கணினியில் ஏற்றி வந்தேன். விட்டுவிடக் கூடாது என்று கைபேசியில் ஒரு செயலி போட்டேன். தினமும் ஒரு மணி நேரம் வேலை செய்தால், எத்தனை நாள் விடாமல் செய்தேன் என்ற எண்ணோடு ஒரு நெருப்புப் படம் காட்டும். 61 நாள் தொடர்ந்து காட்டியது. 62ஆம் நாள் கரண்டும் இல்லை, இணையமும் இல்லை. மறுநாள் பார்த்தால் பூஜ்யம். அன்றோடு நோட்டைத் தொடவே மனம் வரவில்லை, இரண்டு மாதம் ஆகிறது. விடிகாலை எழுவது, 25 நிமிடம் வேலை, பிறகு சிறு ஓய்வு என்கிற தக்காளிக் கடிகார முறை எல்லாம் முயன்று பார்த்துவிட்டேன். பாட்டிக்கு வயது 84. குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. நீங்கள் எப்படி இத்தனை வருடம் சலிக்காமல் எழுதுகிறீர்கள்?

மோல்மீனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

முதலில் எனக்கு அந்த நெருப்புப் படத்தின் மேல்தான் கோபம் வந்தது. 61 நாள் எழுதிய பாட்டெல்லாம் நோட்டில் அப்படியேதானே இருக்கிறது? கரையானா அரித்துவிட்டது? அந்தச் செயலியை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். கரண்டு போனதற்கு உங்களைக் குற்றவாளி ஆக்குகிற கணக்குப்பிள்ளை நமக்கு வேண்டாம்.

சலிக்காமல் எழுதுகிறேன் என்று யார் சொன்னது? 2023இல் நான் நான்கு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், எங்கள் தெருவுக்கு அப்போது கரண்டு சில மணி நேரம் வரும், அப்புறம் போகும். இந்த நாட்டு மின்சாரத்தில் பெரிய பங்கு அணைகளிலிருந்து வருவது. கோடையில் தண்ணீர் இறங்கினால் இன்னும் மோசம். இருட்டில் கிடக்கிற தெருவில் திடீரென்று ஒரு பிள்ளை "மீ லா பீ!" என்று கத்தும். விளக்கு வந்துவிட்டது! உடனே எல்லா மாடியிலிருந்தும் அதே கூச்சல். அது மோல்மீனிலும் உங்களுக்குத் தெரிந்த கூச்சல்தான். அடுத்த நிமிடம் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார், ஒரு வீட்டில் இஸ்திரிப்பெட்டி, ஒரு வீட்டில் குக்கர், எல்லா வீட்டிலும் சார்ஜர். எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவதால் பல நாள் பியூஸ் போய்விடும். இருந்த விளக்கும் போச்சு.

நானும் அப்படித்தான் ஓடினேன். இரவு ஒரு மணிக்கு விளக்கு வந்தால் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தட்டச்சு. வந்த மின்சாரத்தில் ஒரு நிமிடத்தையும் விடக் கூடாது என்ற வெறி. ஆறு வாரத்தில் இருநூறு பக்கம் தேறியது. எனக்கே பெருமை தாங்கவில்லை. ஏழாவது வாரம் வலது தோளைத் தூக்க முடியவில்லை. கணினியைப் பார்த்தாலே எரிச்சல். நான்கு மாதம் கழித்து அந்த இருநூறு பக்கத்தையும் எடுத்துப் படித்தேன். வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது பதினொரு பக்கம்.

அதற்குப் பிறகு வேலையை இரண்டாகப் பிரித்தேன். விளக்கு வேண்டிய வேலை, விளக்கு வேண்டாத வேலை. தட்டச்சு, திருத்தம், மின்னஞ்சல் எல்லாம் முதல் வகை. அதற்கு மூளை அதிகம் வேண்டாம், களைத்திருந்தாலும் ஓடும், கரண்டு எப்போது வருகிறதோ அப்போது. அதுவும் பகலில் வந்தால்தான். யோசித்து எழுதுவது இரண்டாவது வகை. அதற்கு நோட்டும் பேனாவும் காலை வெளிச்சமும் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அறுபது வயது தாண்டவேண்டியிருந்தது!

எழுதுகிற இடம் அடுப்பங்கரைப் படி. இப்போது எங்கள் வீட்டில் கரி அடுப்புதான். மனைவி அரிசியை உலையில் போட்டதும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அவளுக்கு மணிக்கட்டில் வலி, அதனால் கஞ்சி வடிப்பது என் பொறுப்பு. மூடி தடதடவென்று ஆடத் தொடங்கியதும் "எழுந்திருங்க" என்பாள். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்துதான் ஆகவேண்டும், குழைந்த சோற்றுக்கு எந்த இலக்கியமும் ஈடாகாது. அந்தப் பாதி வாக்கியம் நாள் முழுக்க பல்லில் மாங்காய்ப் புளிப்பு மாதிரி நின்றுகொண்டிருக்கும். மறுநாள் உட்காரும்போது என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டியதில்லை. முக்கால் பக்கம், மிஞ்சினால் ஒரு பக்கம். வருடத்துக்கு 150 பக்கம் வந்துவிடுகிறது. நாளைக்கும் உட்காரத் தோன்றுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறேன். தோன்றவில்லை என்றால் இன்றைக்கு அதிகம் எழுதிவிட்டேன் என்று அர்த்தம்.

தக்காளிக் கடிகாரத்தை நான் குறை சொல்லவில்லை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், சமையலறையில் வைக்கிற தக்காளி வடிவக் கடிகாரத்தைத் திருகிவைத்துப் படிக்க ஆரம்பித்ததில் பிறந்தது அந்த முறை. 25 நிமிடம் என்பது பின்னால் நிலைத்த கணக்கு. நம் உலையும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஆனால் கடிகாரம் அடித்தால் மறுபடி திருகச் சொல்லும். சோறு வெந்தால் சாப்பிடச் சொல்லும்.

அப்புறம், வருடம் முழுக்க ஒரே வேகம் எதற்கு? ஏப்ரலில் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானும் நம் வருடப்பிறப்பும் சேர்ந்து வரும்போது நான் பேனாவைத் தொடுவதே இல்லை. வாசோ என்ற பர்மிய மாதத்துப் பௌர்ணமி தொடங்கி மூன்று மாதம், பிக்குகள் மழைக்கு மடத்தில் அடங்குகிற காலத்தில், பர்மியர் வீடுகளில் கல்யாணமும் இல்லை, வீடு மாற்றுவதும் இல்லை. நமக்கும் ஆடி. வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் அப்போது வெளியே போகவும் முடியாது. என் நீளமான கதைகள் எல்லாம் அந்த மாதங்களில் எழுதியவை.

என் தாத்தா இங்கே மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய கூடத்தில், சமையல்காரர். செட்டியார் கடைகளின் ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குத்தான் வருவார்கள், முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். வட்டியில் ஒரு பைசா விடாத ஆட்கள், ஓய்வை மட்டும் முன்கூட்டியே கணக்கில் எழுதிவைத்தார்கள். களைத்த ஆள் தப்பான இடத்தில் கடன் கொடுப்பான் என்று தெரிந்திருக்கும். இது என் ஊகம்.

சரி, பாட்டிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நிஜமான அவசரம் அந்த 84 மட்டும்தான். அதனால் எழுதுவதை இப்போதைக்கு விடுங்கள். பாட்டிக்குப் பாடத் தோன்றுகிறபோது கைபேசியில் பதிவு செய்யுங்கள். வாரம் ஒரு பாட்டு போதும், அவருக்கும் மூச்சு வாங்கும். பதிவை இன்னொரு கைபேசியிலும் ஏற்றிவைத்துவிடுங்கள். கேட்டு எழுதுவதும் தட்டச்சும் ஐந்து வருடம் கழித்துக்கூடச் செய்யலாம்.

பாட்டுகளில் எங்காவது கவுனி என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். செட்டிநாட்டில் கவுனி அரிசி என்கிறார்களே, அது இங்கிருந்து போன கௌஞின் என்கிற பர்மிய ஒட்டரிசிச் சொல்தான். பாட்டி பாடும்போது அதைத் தமிழாகச் சொல்கிறாரா, பர்மியர் சொல்வதுபோல மூக்கில் இழுத்துச் சொல்கிறாரா என்று கேட்க எனக்கு ஆசை. அவசரமில்லை. மழைக்காலம் முடிந்து வரும் தடிஞ்சுட் விளக்குத் திருவிழா கழிந்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அடுப்பங்கரைப் படியிலிருந்து