அங்கே சாகிற கொசு இங்கே ஏன் சாகவில்லை?

(பொது சுகாதாரப் பூச்சியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கொசுக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஓசூரில் மகள் வீட்டில் லிக்விட் மெஷினைப் போட்டால் கொசு சுருண்டு விழுகிறது. அதே கம்பெனி பாட்டிலை இங்கே போட்டால் மெஷின் மேலேயே வந்து உட்காருகிறது. எங்களுக்குக் கிடைப்பது போலி மருந்தா?
– வாசகி, திருவாரூர்

பதில்: கோபிக்காதீர்கள் அம்மா, முதலில் அறையைப் பற்றிக் கேட்கிறேன். ஓட்டு வீடா? ஜன்னல் திறந்திருக்கிறதா? ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா? மகள் வீடு மூடிய சின்ன அறையாக இருந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அறையும் ஒன்றுபோல்தான் என்றால் கொசுவுக்கு வருவோம். பகலில் காலைக் கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ். ராத்திரியில் காதருகே பாடுவது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறந்த க்யூலெக்ஸ். இவை வேறு வேறு இனங்கள் என்பதால் மருந்துக்கு மசிவதிலும் வித்தியாசம் இருக்கும். பலரும் யோசிக்காத விஷயம், ஒரே க்யூலெக்ஸ் இனத்திலும் ஊருக்கு ஊர் மரபணு மாறும் என்பது. ஒரே சாக்கடையில் பிறந்த இரண்டு கொசுக்களுக்குள்கூட மாறும்.

உங்கள் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின். சுருள், மேட், மருந்திட்ட கொசுவலை என்று நாம் வாங்குகிற பலவற்றிலும் இதே பைரித்ராய்டு குடும்பத்து மருந்துதான். கொசுவின் நரம்பில் சோடியம் நுழைய ஒரு வாயில் உண்டு. திறந்து உடனே மூட வேண்டிய அந்த வாயிலை மருந்து மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கும், கொசு விழும். அந்த வாயில் என்பது ஒரு புரதம். அதில் 1014ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபினைலலனின் என்ற வேறொன்று வந்துவிட்டால் மருந்துக்குச் சரியான பிடி கிடைப்பதில்லை. மரபணுவின் எழுத்துகளில் TTA என்றிருந்தது TTT ஆகியிருக்கும். ஓர் எழுத்துதான் வித்தியாசம்! தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இந்த மாற்றத்தை வாங்கி வந்த கொசு நன்றாகத் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் வாங்கியது அவ்வளவு தாங்காது.

மருந்து உள்ளே போனதும் அதைச் சிதைத்துவிடுகிற கொசுக்களும் உண்டு. கலிஃபோர்னியாவில், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளுக்கு அசராத ஒரு க்யூலெக்ஸ் வகையில், மருந்தை முடக்கும் எஸ்டரேஸ் நொதியின் மரபணு 250 மடங்காவது பெருகியிருப்பதை 1986ல் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் வீட்டுக் கொசுவுக்கு இதில் எது இருக்கிறது என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த சோதனை இருக்கிறது. சாக்கடையில் கரண்டியால் புழுக்களை மொண்டு வந்து, நாய் பிஸ்கட் பொடியும் ஈஸ்ட்டும் போட்டு வளர்ப்போம். கொசுவாகி மூன்று முதல் ஐந்து நாளான, ரத்தம் குடிக்காத பெண் கொசுக்களில் இருபது, இருபத்தைந்தை மருந்துத்தாள் சுற்றிய குழாய்க்குள் ஊதிவிட்டு ஒரு மணி நேரம் விட வேண்டும். பக்கத்திலேயே மருந்தில்லாத தாளுடன் இன்னொரு குழாய் இருக்கும். அப்புறம் சுத்தமான குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுவோம். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. இதைப் பார்க்காமலே வருஷா வருஷம் அதே மருந்துக்கு ஆர்டர் போடுகிற ஊர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பாட்டில் போலியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு மெஷின் போட வேண்டாம். தாங்காத கொசுவைச் சீக்கிரம் கொன்று, தாங்குகிற கொசுவுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதுதான் அதில் நடக்கும். வலை கட்டுங்கள். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயிலும் ஒரு துண்டு வலை கட்டுங்கள்.

கேள்வி: குடிப்பவனுக்குச் சாராயம் பழகிப்போவது போலத்தானே கொசுவுக்கும் மருந்து பழகுகிறது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இல்லை. பழகுவதற்குள் கொசுவின் ஆயுளே முடிந்துவிடும். தாங்குகிற கொசு மருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தில் ஒன்றிரண்டாக இருக்கும், அல்லது வேறு ஊரிலிருந்து வந்து சேரும். மருந்து மற்றதையெல்லாம் கொன்றுவிட, அடுத்த தலைமுறை இவற்றின் பிள்ளைகள்.

பிரான்சின் தெற்கே மோன்பெலியே பக்கம் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 1960களின் கடைசியிலிருந்து அங்கே கடலோரப் பட்டையில் மட்டும் ஆர்கனோபாஸ்பேட் தெளித்தார்கள், உள்நாட்டில் தெளிக்கவில்லை. நம்மூர் க்யூலெக்ஸின் நெருங்கிய உறவான கொசுதான் அங்கேயும். கடலோரத்தில் எதிர்ப்பு மரபணுக்கள் நிறைந்திருந்தன, வடக்கே போகப் போகக் குறைந்தன. மருந்தில்லாத இடத்தில் அந்த மரபணு ஒரு சுமை. அதைச் சுமக்கும் கொசுக்களில் குளிர்காலத்தைத் தாண்டுவது குறைவு. இன்னொரு எதிர்ப்பு மாற்றம், இந்த மருந்து தாக்குகிற, நரம்புக்குத் தேவையான நொதியையே மந்தமாக்கிவிடுகிறது. அதற்கும் கொசு வழி கண்டுவிட்டது: அந்த நொதியின் மரபணுவில் தாங்குகிற பிரதி ஒன்று, பழைய பிரதி ஒன்று, இரண்டையும் ஒரே குரோமோசோமில் வைத்திருக்கிற கொசுக்கள் தோன்றின. இதைப் படித்த அன்று கொசுவின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது, பொய் சொல்வானேன்.

கேள்வி: டிடிடி அடித்துத்தான் மலேரியாவை ஒழித்தார்கள் என்று அப்பப்பா சொல்வார். அதையே திரும்ப அடித்தால் என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அப்பப்பா சொன்னது சரி. இலங்கையில் 1963ல் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். தெளிப்பை நிறுத்தினார்கள். 1968–69ல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி டிடிடி அடித்தபோது, மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் க்யூலிசிஃபேசிஸ் கொசு பழையபடி சாகவில்லை. 1970களில் மாலத்தியானுக்கு மாறினார்கள். மலேரியா இல்லாத நாடு என்ற சான்று 2016ல்தான் கிடைத்தது.

க்யூலிசிஃபேசிஸ் என்பதே ஒரு கொசு இல்லை. A முதல் E வரை எழுத்திட்ட ஐந்து உடன்பிறப்பு இனங்கள், லென்ஸில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் பக்கமும் எங்கள் ராமேஸ்வரம் தீவிலும் மலேரியா பரப்பியது E இனம். கூடவே திரிகிற B இனம் அநேகமாகப் பரப்பாது. இனம் பிரிக்காமல் மருந்துச் சோதனை செய்தால் கிடைக்கிற எண் யாருடையது என்றே தெரியாது.

டிடிடியும் பைரித்ராய்டும் தாக்குவது அதே சோடியம் வாயிலை. 1014ஆம் இடம் மாறிய கொசு இரண்டையும் தாங்கும். இப்போது உங்கள் கவலை ஸ்டீஃபன்சியாக இருக்கட்டும். நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளர்கிற மலேரியாக் கொசு அது. 2017ல் மன்னாரில் அடையாளம் காணப்பட்டது. கிணற்றை மூடுங்கள்.

கேள்வி: தீப்பெட்டியில் ஆறு கொசுக்களை அனுப்பியிருக்கிறேன். மருந்துக்குச் சாகுமா என்று சோதித்துச் சொல்லவும்.
– வாசகர், சேலம்

பதில்: ஏற்கெனவே செத்துவிட்டதே ஐயா! குழாய்ச் சோதனைக்கு உயிருள்ள கொசு வேண்டும். ஆனால் மரபணுச் சோதனைக்குச் செத்ததும் உதவும், ஒரு கால் கிடைத்தாலே போதும். அதற்கு வசதி என் வீட்டில் இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. யாராவது கேட்டால், புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காயவைத்து, பிடித்த இடத்தையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். நீங்கள் அனுப்பியதில் நாலு பூஞ்சை பிடித்துவிட்டது. ஒன்று கொசுவே இல்லை, சாக்கடை ஈ.