அந்தக் கேன்களில் என்ன மருந்து இருந்தது?

கேள்வி: எனக்கு வயது 24. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இல்லை. அம்மா 19 வருடமாகத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். தம்பி படிவம் ஐந்து படிக்கிறான். தவக்காலத்தில் எங்கள் பங்குக்கு வந்த சிஸ்டர்கள் சிலாங்கூர் ஆற்றைப் பற்றியும் தொழிலாளர் உரிமை பற்றியும் பேசினார்கள். சுற்றுச்சூழல் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலை வாசிக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர்கள் சபையில் சேர வேண்டும் என்று மனசு துடிக்கிறது. இளையோர் நாங்கள் பழத்தோலைச் சீனித் தண்ணீரில் புளிக்கவைத்து என்சைம் போட்டுப் பாத்திரம் கழுவப் பங்கு மக்களுக்குக் கொடுக்கிறோம், மிச்சத்தை ஆற்றில் விடப் போகிறோம். அம்மா தோட்டத்திலிருந்து கொண்டுவரும் காலிக் கேன்கள் இருப்பதால் செலவும் இல்லை. ஆனால் சிஸ்டராகப் போகிறேன் என்று சொன்ன நாள்முதல் அம்மா சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருக்கிறார். இறையழைத்தலைத் தடுப்பது பாவமில்லையா? அவருக்கு எப்படிப் புரியவைப்பது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: மடத்துக்குப் போகத் துடிக்கும் மகளும் அழும் தாயும் இந்தக் கேள்வி பதில் பகுதிக்குப் புதியவர்கள் இல்லை. அதை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: காலிக் கேன்கள் இருப்பதால் செலவு இல்லை. அந்தக் கேன்களில் என்ன மருந்து இருந்தது?

நீ எழுதவில்லை. தெரிந்திருந்தால் அதற்குள் பழத்தோலைப் போட்டிருக்க மாட்டாய். அம்மா 19 வருடமாக எதை முதுகில் சுமக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்காத நீ, ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறாய்.

களைக்கொல்லி கேனின் உள்சுவரிலும், கைப்பிடியின் குழிக்குள்ளும், மூடியின் திருகிலும் தங்கும். வீட்டுக் குழாயில் இரண்டு தடவை அலசினால் கேன் சுத்தமானதுபோல் தெரியும், அவ்வளவுதான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாடையே கிடையாது, மூக்கை நம்ப முடியாது. என்சைம் புளித்த அமிலம். கிளைபோசேட்டும், பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியும் அமிலத்தில் சிதையாமல் அப்படியே இருக்கும். மூன்று மாதம் அதில் ஊறியதைத்தான் பங்கு மக்கள் சோற்றுத் தட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டதே என்பாய். தோட்ட வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் கேன் எந்த வருடத்தது என்று உனக்குத் தெரியுமா?

முதல் வேலை, கொடுத்த போத்தல்களை எல்லாம் திரும்ப வாங்கு. ஞாயிறு திருப்பலி அறிவிப்பில் பங்குச் சாமியை விட்டுக் காரணத்தோடு சொல்லச் சொல். வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். அதில் கழுவிய பாத்திரங்களைச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் மறுபடி கழுவினால் போதும். கையில் புண், கண் எரிச்சல் என்று யாராவது சொன்னால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகட்டும், கேனின் லேபிளைப் படம் பிடித்து உடன் கொண்டு போகட்டும்.

திரும்பி வந்ததைச் சாக்கடையில் கொட்டாதே. கேன்களை வீட்டில் கழுவாதே, எரிக்காதே, பாதியாக வெட்டிப் பூச்செடி வைக்காதே. மூடியை இறுக்கி, தடித்த பையில் கட்டி, எத்தனை கேன் என்று எழுதித் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படை. உள்ளே திரவம் இருப்பதை மறைக்காமல் சொல். ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிடும் 2005 ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைப்படி மருந்து பட்ட கேன் எஸ்டபிள்யூ 409 என்ற வகைக் கழிவு. அதை வீட்டுக்குக் கொடுத்துவிட்டதே தோட்டத்தின் தவறு. மும்முறை அலசல் என்று ஒன்று உண்டு: கேனைக் கவிழ்த்து 30 விநாடி வடியவிட்டு, கால் பாகம் தண்ணீர் ஊற்றி, மூடி 30 விநாடி குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்துப் பம்பிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை செய்து, பிறகு கேனில் ஓட்டை போட வேண்டும். இது மருந்து கலக்கும் இடத்தில் நடக்க வேண்டிய வேலை. அப்படி அலசிய கேனையும் தண்ணீர் பிடிக்கவோ என்சைம் போடவோ எடுக்கக் கூடாது. ஓட்டை போடச் சொல்வது அதற்காகத்தான். ஸ்டோர் கிராணி (எழுத்தர்) வாங்க மாட்டேன் என்றால் சுற்றுச்சூழல் துறைக்கு எழுது.

என்சைமை ஆற்றில் விடும் யோசனையையும் கைவிடு. நல்ல டப்பாவில் போட்டதாக இருந்தாலும் அது அமிலம், சர்க்கரையும் மக்கும் கழிவும் நிறைந்தது. அது மக்கும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்னும், மீன்தான் சாகும். பாத்திரம் கழுவத்தான் வேண்டுமென்றால் கடையில் வாய் அகன்ற புதுப் பிளாஸ்டிக் டப்பா வாங்கு. 6 லிட்டர் தண்ணீர், 600 கிராம் சீனி, 1.8 கிலோ பழத்தோல். மேலே இடம் விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடு, இல்லாவிட்டால் வெடிக்கும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம்.

இனி அம்மா. இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் அவர் நகங்களைப் பார். வெளுத்து, குறுக்கே கோடு விழுந்து, சதையை விட்டுத் தூக்கியிருக்கிறதா? மூக்கில் இரத்தம் வந்ததுண்டா என்று கேள். பாராகுவாட் அடித்தவர்களிடம் இரண்டும் காணப்படுகின்றன, உன் அம்மா மருந்து அடித்த வருடங்களில் பெரும்பகுதி அந்தத் தடைக்கு முந்தியது. முதுகையும் பார். 16 லிட்டர் பம்பின் மூடி வாஷர் தேய்ந்தால் மருந்து வழிந்து சட்டையை நனைக்கும், நாள் முழுக்க அந்த ஈரத்தோடுதான் நிரை நிரையாக நடக்க வேண்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறாரா? துணி மருந்தைக் குடித்து மூக்கோடு ஒட்டிவைக்கும், காப்பாற்றாது. வேலைத் துணி உங்கள் துணியோடு ஒரே மெஷினில் போகிறதா? தனியாகத் துவை. முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரம் போட்டு, முடிந்தபின் மெஷினை ஒரு தடவை வெறுமனே ஓட்டிவிடு.

கையுறை, முகக்கவசம், ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் முதலாளி செலவு. வேலையிட இரசாயனங்கள் பற்றிய 2000 ஆம் ஆண்டின் விதிமுறைப்படி மருந்தின் ஆபத்தைத் தோட்டம் மதிப்பீடு செய்ய வேண்டும், அதில் தேவை என்று வந்தால் 12 மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் தன் செலவில் தொழிலாளியைத் தொழில்சுகாதார மருத்துவரிடம் காட்ட வேண்டும். அம்மாவுக்கு அப்படிப் பரிசோதனை நடந்ததா, அறிக்கை எங்கே என்று மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) கேட்காதே, மேனேஜருக்கு எழுத்தில் கேள், நகலை வைத்துக்கொள். மருத்துவர் தொழில்நோய் என்று எழுதினால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் மனுச் செய்யலாம். தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையில் அம்மாவுக்குச் சந்தா இருந்தால் தலைவரையும் கூட்டிக்கொள்.

சிஸ்டர்கள் வாசிக்கச் சொன்ன சுற்றுமடலின் 20 ஆம் பத்தியில் களைக்கொல்லி என்ற சொல்லே இருக்கிறது. 49 ஆம் பத்தி பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. அந்த ஏழை உன் வீட்டு அடுப்படியில் நிற்கிறார். மத்தியப் பிரதேசத்தில் 1995இல் கொல்லப்பட்ட அருளாளர் சிஸ்டர் ராணி மரியா, வட்டிக்காரர்களிடமிருந்து கூலிகளை மீட்க வங்கிக் கடனும் சேமிப்புக் குழுவும் என்று அலைந்தவர். மனு எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் பிடிக்காதென்றால் அந்த வேலை உனக்கு ஆகாது. அதே வேலைக்கு மடம்தான் வேண்டும் என்றும் இல்லை. தோட்டத்துப் பெண்களை மருந்து என்ன செய்கிறது என்று வெளியே கொண்டுவந்த ஐரீன் பெர்னாண்டஸ் துறவி அல்ல, குடும்பப் பெண்.

பாவமா என்று கேட்டாய். மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்றவர்களை இயேசு எப்படித் திட்டுகிறார் என்று பார். தாய் பம்பைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது, பதினேழு வயதுத் தம்பியின் தலையில் வீட்டைக் கட்டிவிட்டுப் போவதை நான் அழைத்தல் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். படிப்புக் கடன் இருந்தால் அதையும் சொல். அடைக்க வழியில்லாத கடனாளியைச் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே 644ஆம் எண்ணில் சொல்கிறது.

அதற்காக அம்மாவின் கண்ணீருக்குக் காலமெல்லாம் கட்டுப்படச் சொல்லவில்லை. பிள்ளையைப் பட்டினி கிடந்து பிடித்துவைக்க எந்தத் தாய்க்கும் உரிமை கிடையாது, இதை அவருக்கு வாசித்துக் காட்டு. நாளைக்கே நீ மறைந்துவிடப் போவதில்லை என்பதையும் சொல். நவதுறவகம் என்ற பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம், பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, குறைந்தது 3 வருடம். அதற்குப் பின்தான் நித்திய வார்த்தைப்பாடு. இடையில் திரும்பிவர வழி உண்டு.

அம்மாவைக் களை மருந்திலிருந்து வேறு வேலைக்கு மாற்றக் கேட்டு இந்த மாதமே மேனேஜருக்கு எழுது. தம்பி படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வை முடிக்கட்டும். அந்தச் சிஸ்டர்கள் அடுத்த முறை வரும்போது கோயிலோடு அனுப்பிவிடாதே, வீட்டுக்குக் கூட்டிவந்து அம்மாவோடு உட்கார வை. கேன்கள் ஸ்டோருக்குப் போனதா, கிராணி என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.